ஐந்து மணி பத்து நிமிடம்

விமான நிலையத்துக்குப் போன வேன் காலை ஏழரைக்கு வெறுமையாகத் திரும்பி வந்தது. பந்தல் காலில் முட்ட ஒரு சாண் இருக்கையில் பிரேக் போட்ட சாரதி இறங்கவில்லை; கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"ஹாஜியார், அங்க பிளேனும் இல்ல, பிளேன் வாற சிலமனும் இல்ல. கேற்றில நிண்டவர் என்னை ஏற இறங்கப் பாத்துப்போட்டு, கட்டாரில இருந்து இஞ்சயா எண்டு கேட்டார். ஓம் எண்டன். சிரிச்சிட்டார்."

பந்தலின் நடு நாற்காலியில் ஸியாம் ஹாஜியார் இருந்தார். இறந்துபோன ஹமீடின் தம்பி. அன்றைக்கு அந்தப் பந்தலில் இறந்தவரைவிட அவருக்குத்தான் கூடுதலாக இடம் தேவைப்பட்டது.

"நீ எந்த எயாப்போட்டுக்குப் போனாய்?"

"நீங்க சொன்னதுக்குத்தான். மட்டக்களப்பு, திமிலதீவுக்கு."

"வடிவாப் பாத்தியா? பின்பக்கமா நிண்டிருக்கும்."

"பிளேன் என்ன ஆட்டோவா ஹாஜியார், பின்னுக்குக் கொண்டுபோய் நிப்பாட்ட?"

பந்தலில் யாரோ இருமினார்கள். மரண வீட்டில் சிரிப்பு வந்தால் இருமுவதுதான் வழக்கம்.

உள்ளே, ஜன்னலோரமாக, வாப்பாவின் தலைமாட்டில் இருந்த மகள் நஸீபாவுக்கு எல்லாம் ஒரு சொல் தவறாமல் கேட்டது. வாப்பாவைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு ஜனாஸா எடுக்கப்படும் என்று அறிவித்துவிட்டபடியால் ஆறு மணிக்கே அவசரம் அவசரமாக எல்லாம் முடிந்துவிட்டது. வாப்பாவின் உயிருக்கு அந்த அவசரம் இருந்ததில்லை. மூன்று மாதமாக ஒவ்வொரு படியாக இறங்கி, முந்தின இரவு பத்தே முக்காலுக்குத்தான் வாசலைத் தாண்டியது.

தப்பு எங்கே தொடங்கியது என்பது அவளுக்குத் தெரியும். தம்பி ரிஸ்கான் தோஹாவில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. வாப்பா மௌத்தான செய்தி போன அரை மணித்தியாலத்துக்குள் முதலாளியின் காலைப் பிடித்து, கூட்டாளிகளிடம் கைமாற்று வாங்கி, இரவு ஒன்று நாற்பது விமானத்தில் இடம் எடுத்துவிட்டான். அதை அவள் கணவன் ஸாஹிரிடம் சொன்னாள். ஸாஹிர் ஸியாம் சாச்சாவிடம் சொன்னான். சாச்சா தன் பெரிய ரெலிபோனை எடுத்து, ஒற்றை விரலால், தோஹா, மட்டக்களப்பு என்று இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினார். ரெலிபோனும் மரியாதையுள்ள பிள்ளையாகப் பதில் சொன்னது. விமானத் தூரம் மூவாயிரத்து எழுநூற்று நாற்பத்தொரு கிலோமீற்றர். பயண நேரம் ஐந்து மணி பத்து நிமிடம். மேலே ஒரு படமும் இருந்தது. பாலைவனத்திலிருந்து கிளம்பிய வளைகோடு ஒன்று கடலைத் தாண்டி வந்து மட்டக்களப்பு வாவிக்குள் குத்தி நின்றது. கோட்டின் நுனியில் ஒரு குட்டி விமானம்.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில், இது வரைபடத்தில் நேராக அளந்த கணக்கு, இந்த ஊர்களுக்கிடையில் விமானம் ஓட வேண்டும் என்பதில்லை என்று போட்டிருந்தது. ஸியாம் சாச்சா சின்ன எழுத்து வாசிக்கிறவர் அல்லர். மாங்கேணி மீனவக் கிராமத்தை அடித்திருந்தாலும் அந்த ரெலிபோன் ஒரு கணக்குச் சொல்லி, மீன்வாடிக்கு முன்னால் விமானத்தை இறக்கியிருக்கும்.

ஒன்று நாற்பதோடு ஐந்து பத்தைக் கூட்டினால் ஆறு ஐம்பது. ஏழு மணிக்கு இறங்குவான், எட்டுக்குள் ஏறாவூர் வீடு, ஒன்பதுக்கு ஜனாஸா. சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் போய்விட்டது. "அகில இலங்கை சமாதான நீதவானும், ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் ஸ்தாபகத் தலைவரும், முன்னாள் அபிவிருத்தி உத்தியோகத்தருமான அல்ஹாஜ் ஸியாம் அவர்களின் மூத்த சகோதரர்..." என்று தொடங்கிய அந்த அறிவித்தலில் வாப்பாவின் பெயர் வந்து சேர ஒரு நிமிடம் எடுத்தது. எதிர்வீட்டு றஸீனா பாதித் தூக்கத்தில் கேட்டுவிட்டு, மௌத்தானது ஸியாம் ஹாஜியார்தான் என்று நினைத்து அழத் தொடங்கி, பிறகு விசாரித்து அழுகையை இடம் மாற்றினாளாம்.

நஸீபா எழுந்து வாசலுக்கு வந்தாள். ஆண்கள் இருக்கிற பக்கம் அவள் வந்ததைக் கண்டு பந்தல் கொஞ்சம் அடங்கியது.

"சாச்சா, தம்பி இப்ப கடலுக்கு மேல. பத்தரைக்குத்தான் கொழும்புப் பக்கம், கட்டுநாயக்காவில இறங்குவான்."

"யார் சொன்ன? ஒண்டு நாப்பதுக்கு ஏறினவன். அஞ்சு மணி பத்து நிமிசம். கூட்டிப் பாருங்க மகள்."

"அது கட்டார் நேரம் ஒண்டு நாப்பது. எங்கட நேரத்தில நாலு பத்து. அதிலயும் பிளேன் ஒண்டரை மணித்தியாலம் பிந்தி. இப்பதான் ஓடத் தொடங்குது எண்டு அஞ்சு நாப்பதுக்கு மெசேஜ் போட்டவன்."

"சரி, அப்பிடியெண்டாலும் இஞ்ச..."

"இஞ்ச வெளிநாட்டுப் பிளேன் வாறதில்ல சாச்சா."

"இதுல போட்டிருக்கே!"

ரெலிபோனை நீட்டினார். குட்டி விமானம் இன்னும் வாவிக்குள் குத்திக்கொண்டுதான் நின்றது. நஸீபா பின்னேரங்களில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். இப்படி ஒரு விடையோடு வருகிற பிள்ளையிடம் கொப்பியைத் திருப்பிக் கொடுத்து மறுபடி செய் என்பாள். சாச்சாவிடம் திருப்பிக் கொடுக்கக் கொப்பி இல்லை. ஊருக்கே சொல்லிவிட்ட ஒன்பது மணிதான் இருந்தது.

"அப்ப எத்தினை மணிக்கு வருவான்?" என்று ஸாஹிர் கேட்டான். பதில் பந்தலின் பின்வரிசையிலிருந்து வந்தது.

"கட்டுநாயக்காவில இருந்து ஏழு மணித்தியாலம். றோட்டுச் சரியெண்டா ஆறரை. ஹமீட் ஓட்டினா ஆறே கால்."

சொன்னவர் நல்லரத்தினம். களுவாஞ்சிக்குடிக்காரர். வாப்பா முப்பத்தொரு வருடம் மட்டக்களப்பு - கொழும்பு பஸ் ஓட்டியபோது அதில் பத்தொன்பது வருடம் கொண்டக்டராக இருந்தவர். ஒன்பது மணி ஜனாஸாவுக்கென்று முதல் பஸ் பிடித்து வந்து, முழங்காலில் குடையை வைத்துக்கொண்டு இருந்தார்.

"அப்ப பின்னேரம் ஆறு மணி," என்றாள் நஸீபா. "ஆறு மணி மட்டும் வைக்கோணும் சாச்சா."

ஸியாம் ஹாஜியார் எழுந்தார். எழுந்ததும் சால்வையைச் சரிசெய்தார். சால்வையைச் சரிசெய்தால் கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"மகள், விளங்காமக் கதைக்கப்படாது. ஜனாஸாவச் சுணக்கிறது நம்மட முறையில்ல. அறிவிச்சாச்சு. நகரசபை முன்னாள் தவிசாளர் ஒன்பதுக்கு வாறன் எண்டிருக்கார். கபுறுக் குழி வெட்டியாச்சு. ஸ்தாபகத் தலைவர்ர வீட்டு ஜனாஸாவே நேரத்துக்கு எடுபடல்ல எண்டா நாளைக்கு ஊர்ல யார் என்ட சொல்லக் கேப்பான்?"

"அவன் ஒரே மகன் சாச்சா."

"துஆச் செய்வான். எங்க இருந்து செஞ்சாலும் சேரும்."

எட்டேகாலுக்குப் பள்ளியிலிருந்து சந்தூக்கைத் தூக்கிவந்து முற்றத்தில் வைத்தார்கள். வாப்பாவைக் கிடத்திக் கொண்டுபோகும் அந்த மரப்பெட்டியின் பச்சைத் துணி காற்றில் படபடத்தது. நஸீபா சமையலறைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிவந்து, முன்வாசல் நிலைக்கு நடுவில் போட்டு, அதில் இருந்தாள். வீட்டில் ஜனாஸா வெளியேறுகிற அகலம் அந்த ஒரு வாசலுக்குத்தான் இருந்தது.

சத்தம் போடவில்லை, அழவில்லை. முந்தானையால் தலையை இழுத்து மூடிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப்போல இருந்தாள்.

"ஸாஹிர், என்ன இது?" என்றார் சாச்சா.

ஸாஹிர் அவளைப் பார்த்தான். பதினேழு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தக் கதிரையை அவன் இரண்டு தடவை கண்டிருக்கிறான். இரண்டு தடவையும் அவன்தான் எழும்பிப் போயிருக்கிறான். "நான் ஐஸ் எடுத்திட்டு வாறன்," என்று மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

கதிரையில் இருந்தவளுக்குப் பந்தல் தெரிந்தது. தெரிந்தும் தெரியாத கண்ணோடு இருந்தாள். போன வியாழக்கிழமை இதே நேரம்தான் ரிஸ்கான் ரெலிபோன் எடுத்திருந்தான். "ராத்தா, லீவு கேக்கட்டா? வாப்பாட சத்தம் நல்லா இல்ல." அவள் சொன்னாள்: "இப்ப வேணாம் தம்பி. டொக்டர் மாசக் கணக்கில சொல்றார். இப்ப வந்தா நாலு நாள்தான் நிப்பாய். பெருநாளைக்கு வா, ரெண்டு கிழமை வாப்பாவோட இருக்கலாம்." அவன், "சரி, நீங்க சொன்னாச் சரி," என்றான். பெருநாளுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. அவளும் ஒரு கணக்குப் போட்டவள்தான். அவளுடைய கணக்கின் கீழே சின்ன எழுத்துக்கூட இருக்கவில்லை.

இரவு செய்தி சொன்னபோது அவன் அதைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. "வாப்பாட முகத்தப் பாக்கோணும் ராத்தா. அவ்வளவுதான்," என்றான். திட்டியிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

எட்டே முக்காலுக்கு மௌலவி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் மனிதர். ஊருக்கு வந்து ஆறு மாதந்தான். வாசலில் கதிரையையும், கதிரைக்கு முன்னால் சால்வையையும் கண்டு, யாரிடம் முதலில் பேசுவது என்று தெரியாமல் சந்தூக்கைப் பார்த்து ஸலாம் சொன்னார்.

"மௌலவி, நீங்களே சொல்லுங்க," என்றார் ஹாஜியார். "சுணக்கலாமா?"

"சுணக்காம இருக்கிறதுதான் நல்லம் ஹாஜியார்."

"கேட்டியளா!"

"ஆனா," என்றார் மௌலவி. ஹாஜியாரின் கை பாதி வழியில் நின்றது. "மகன் வந்துகொண்டிருக்கிறார் எண்டா, அவருக்காகக் கொஞ்சம் பொறுக்கிறதில பிழையில்ல. மையித்துக்குப் பழுது வராத மட்டும்."

"எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?" என்றாள் நஸீபா.

"அத மணிக்கூடு சொல்லாது ராத்தா. பக்கத்தில இருக்கிற ஆக்கள்தான் சொல்லோணும்." பிறகு இரண்டு பக்கத்தையும் பார்த்து, "ழுஹர் மட்டும் வைப்பம். பொறகு பாப்பம்," என்றார்.

அவள் ஆறு மணி கேட்டாள், பன்னிரண்டேகால் கிடைத்தது. கதிரையை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொண்டாள். தூக்கவில்லை.

ஒலிபெருக்கி மறுபடி கொறகொறத்தது. "ஒரு திருத்தம்," என்றது சாச்சாவின் குரல். அந்தக் குரலில் அப்படி ஒரு சொல்லை ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. "தவிர்க்க முடியாத விமானப் போக்குவரத்துக் காரணங்களால்..." என்று தொடர்ந்தார். முன்னாள் தவிசாளர் சரியாக ஒன்பதுக்கு வந்து, வெள்ளைச் சேட்டோடு நாலு பேருக்குக் கைகொடுத்து, ஜனாஸா இல்லையென்று அறிந்து, தனக்கு வாழைச்சேனையில் ஒரு கல்யாணம் இருக்கிறதென்று நினைவு வந்து புறப்பட்டார்.

ஸாஹிர் மீன்வாடியிலிருந்து நாலு பாளம் ஐஸ் கொண்டுவந்தான். உமி ஒட்டியிருந்ததைக் கழுவி, அலுமினியத் தாச்சிகளில் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்கள். மேசைக் காற்றாடியைத் தரையில் வைத்து ஐஸுக்கு மேலால் ஓடவிட்டார்கள். அத்தரின் மணத்துக்குக் கீழே மெல்லியதாக மீன் மணத்தது. வாப்பாவுக்கு அது பிடிக்காமலிருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து முப்பத்து நாலுக்கு ரெலிபோன் அடித்தது.

"ராத்தா, இறங்கிட்டன். எடுத்திட்டாங்களா?"

"இல்ல. சுறுக்கா வா."

"எத்தினை மணிக்கு வெச்சிருக்கு?"

"நீ சுறுக்கா வா தம்பி. மத்ததெல்லாம் நான் பாத்துக்குறன்."

வரிசை, முத்திரை, கைப்பை ஒன்றுதான் என்று காட்டுவது எல்லாம் முடிந்து வேனில் ஏற பதினொன்று இருபதாகிவிட்டது. அதற்குள் அவள் ஆறு தடவை எடுத்து ஆறு தடவையும் சுறுக்கா என்றாள். ஏழாம் தடவை சாரதியிடமே பேசினாள். அவன் நீர்கொழும்புச் சிங்களவன்; தமிழ் தெரியாது. ஆனால் சுறுக்கா என்பது விளங்கியது போல, "ஹரி ஹரி, அக்கா," என்று சிங்களத்தில் சரி சொன்னான்.

ழுஹர் நெருங்கியபோது ஆட்கள் மறுபடி கூடினார்கள். கபுறு வெட்டியவர்கள் மையவாடியிலிருந்து ஆள் அனுப்பினார்கள்: ஊற்றுத் தண்ணீர் வருகிறது, இரண்டு தரம் இறைத்துவிட்டோம், இன்னும் எத்தனை தரம்? வாவிக்கரை ஊரில் ஆழமாக வெட்டினால் தண்ணீரும் காத்திருக்காது. பந்தலில் ஒருவர், "தம்பி கட்டார்ல இருந்து பஸ்ஸிலயா வாறார்?" என்று மெதுவாகக் கேட்டார், மெதுவாக என்றால் எல்லோருக்கும் கேட்கும்படி.

நல்லரத்தினம் திரும்பிப் பார்த்தார். "தம்பி, அஞ்சு மணித்தியாலந்தான் பிளேன். மிச்சம் எல்லாம் றோட்டு. அந்தப் பொடியன் தோஹாவில இருந்து வரல்ல, கட்டுநாயக்காவில இருந்துதான் வாறான். தோஹா கிட்ட."

இருமல் கேட்டது. ஹமீட் அண்ணனிடம் பயணிகள் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டால், "போய்ச் சேரக்குள்ள," என்றுதான் சொல்லுவார் என்று நல்லரத்தினம் பக்கத்திலிருந்தவருக்குச் சொல்லத் தொடங்கினார். "ஒருநாளும் நேரம் சொல்லமாட்டார் மனுசன். சொன்னா அதப் பிடிக்கோணும் எண்டு ஓட்டுவன், ஓட்டினா அடிபடும், ஆறுதலா மெல்ல மெல்லப் போவம் எண்டுவார்..." அவர் குடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார்.

ஸியாம் சாச்சா வாசலுக்கு வந்தார். காலையில் நெஞ்சுக்கு முன்னால் பிடித்திருந்த ரெலிபோன் இப்போது இடுப்பளவில் இருந்தது.

"மகள், ஒரு யோசினை. வீடியோவில காட்டுவம். இப்ப எல்லாரும் செய்றதுதான். முகத்தக் காட்டினா அவனுக்கும் திருப்தி, நமக்கும் நேரத்துக்கு எடுத்தமாரி."

அவள் தம்பிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டாள். குருநாகலை நெருங்கிக்கொண்டிருந்தான். "வேணாம் ராத்தா," என்றான். "மூண்டு வருசமா வீடியோவிலதான் பாத்த நான்."

அவள் அதைச் சாச்சாவிடம் அப்படியே சொன்னாள். அவர் மௌலவியைப் பார்த்தார். மௌலவி அவளைப் பார்த்தார்.

"மையித்து எப்பிடி இருக்கு ராத்தா?"

"நல்லா இருக்கு," என்றாள் நஸீபா.

அப்போது அது உண்மை. ஒரு தடவை மட்டும் மூக்கிலிருந்த பஞ்சை மாற்றியிருந்தாள். எடுத்த பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"அப்ப அஸர், மூண்டரைக்கு," என்றார் மௌலவி. இரண்டாவது திருத்தம் போனது. அதில் சமாதான நீதவான் இல்லை, ஸ்தாபகத் தலைவர் இல்லை. "ஹமீட் அவர்களின் ஜனாஸா அஸருக்குப் பின்," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்.

வெயில் ஓட்டில் இறங்கி அறைக்குள் வந்தது. ஐஸ் பாளங்கள் செங்கல் அளவாகி, சவர்க்காரம் அளவாகி, தாச்சியில் தண்ணீராயின. ஸாஹிர் இன்னும் நாலு பாளம் கொண்டுவந்தான். ஒன்றேமுக்காலுக்குக் கரண்ட் போனது. இருபது நிமிடந்தான், ஆனால் காற்றாடி நின்ற அந்த இருபது நிமிடமும் அவள் பனையோலை விசிறியால் வாப்பாவின் முகத்துக்கு விசிறினாள். கை ஓயவில்லை. முகத்தில் மொய்க்க ஒரு இலையான் வந்தது. அதை விரட்டினாள். அது போய் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது.

இரண்டேகாலுக்கு வேன் தம்புள்ளையில். இரண்டரைக்குப் பஞ்சை இரண்டாம் தடவை மாற்றினாள். மற்றப் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தபோது, முதுகால் மறைத்துக்கொண்டு மாற்றினாள். எடுத்ததை வெளிச்சத்தில் பார்க்கவில்லை. அத்தர்ப் போத்தலைத் திறந்து கபனின் மேல் மூன்று நாலு இடத்தில் தொட்டுவைத்தாள். றஸீனா ஓதுவதை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, மறுபடி ஓதத் தொடங்கினாள். கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டாள்.

மூன்று மணிக்கு மூன்றாம் தடவை. இந்தத் தடவை வெளிச்சம் தேவைப்படவில்லை. அவள் பஞ்சை உள்ளங்கையில் வைத்து இறுக மூடினாள். வாப்பாவின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். தாடையைக் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்கு மேலே, காதோரத்தில், நிறம் மாறத் தொடங்கியிருந்தது. வேறு யாருக்கும் இன்னும் தெரியாது. நெருங்கிக் குனிகிறவனுக்குத் தெரியும். மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் வந்து, கட்டிலருகே முழந்தாளிட்டு, வாப்பாவின் நெற்றியில் வாயை வைக்கப் போகிறவனுக்குத் தெரியும்.

சமையலறைப் பக்கத்துக் கதவில் யாரோ செருமினார்கள்.

ஸியாம் சாச்சா. முன்வாசல் கதிரையைத் தாண்டி வராமல், கிணற்றடியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். சால்வை எங்கேயோ விட்டுப்போயிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தலை அவள் நினைத்ததைவிட அதிகமாக நரைத்திருந்தது. வாப்பாவின் தலை மாதிரியேதான் இருந்தது.

"மகள், நான் மௌலவியோட கதைச்சிட்டன். மஃரிப் மட்டும், பொழுது படுமட்டும், வைக்கலாமாம். கொண்டக்டர் சொல்றார் பொடியன் ஆறேகாலுக்கு வந்து சேந்திருவான் எண்டு. கபுறுத் தண்ணிய எறைக்கிறதுக்கு மோட்டர் ஒண்டுக்குச் சொல்லிட்டன்." மூச்சு வாங்கினார். "நான் போய்த் திருத்தம் சொல்றன். எத்தினை தரமும் சொல்றன். எனக்கு இனி என்ன வெக்கம்? காலையிலயே நான் கேட்டிருக்கோணும். அவ்வளவு சுறுக்காக் குளிப்பாட்டியும் இருக்கத் தேவையில்ல." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ சொல்லு மகள். என்ன செய்வம்?"

நாற்பத்திரண்டு வருடத்தில் சாச்சா ஒருவரிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றதை அவள் இன்றைக்குத்தான் கண்டாள்.

"அஸருக்கே எடுங்க சாச்சா."

"என்ன? அவன் ஹபரணைக்குக் கிட்ட வந்திட்டானாம், இன்னும் மூண்டு மணித்தியாலம்..."

"எடுங்க."

"விடியத்தில இருந்து நீதானே..."

அவள் மூடியிருந்த கையை இன்னும் கொஞ்சம் மூடினாள். சாச்சா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார், அழுவதற்காக அல்ல. அத்தரையும் ஐஸையும் தாண்டி ஏதோ ஒன்று அவருக்கும் எட்டியிருக்க வேண்டும். தொப்பியைப் போட்டுக்கொண்டு, வந்த வழியே, கிணற்றடியைச் சுற்றி நடந்தார். அன்றைக்கு அவர் போட்ட கணக்குகளில் சரியாக வந்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நஸீபா முன்வாசலுக்குப் போய்க் கதிரையைத் தூக்கினாள். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கதிரையைச் சமையலறையில், அது வழமையாக இருக்கிற இடத்தில், சுவரோடு சேர்த்து வைத்தாள்.

முகத்தை மூடுவதற்கு முன் ஸாஹிர் அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். துணியை மடித்து முடிச்சுப் போட்டார்கள். சந்தூக்கு வாசலைத் தாண்டும்போது ஒரு பக்கம் சாச்சாவின் தோள், மற்றப் பக்கம், எப்படி இடம் பிடித்தாரோ, நல்லரத்தினத்தின் தோள். உயரம் ஒத்துவராமல் சந்தூக்கு கொஞ்சம் சரிந்தது. "மெல்ல, மெல்ல, இடப்பக்கம் எடுங்க," என்று கொண்டக்டர் சொல்லிக்கொண்டே போனார். தூக்கிப் போனவர்கள் கலிமா ஓதும் சத்தம் ஒழுங்கை முனையில் திரும்பிச் சின்னதாகியது.

பெண்கள் மட்டும் மிஞ்சிய வீட்டில் காற்றாடி வெறும் கட்டிலுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. றஸீனா அதை நிறுத்தப் போனாள். அதே நேரம் ரெலிபோன் அடித்தது. நஸீபா அதை எடுத்துக்கொண்டு, கலிமாச் சத்தம் கேட்காத பின்பக்கத்துக்கு, கிணற்றடியையும் தாண்டி வேலியோரம் மட்டும் போனாள்.

"ராத்தா, ஹபரணை தாண்டிட்டம்." அவன் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது, வேன் அப்படி இரைந்தது. "டிரைவர் பறக்கிறார். ரெண்டரை மணித்தியாலம், அதுக்குள்ளயும் வந்திருவம். மஃரிப் மட்டும் வைக்கச் சொல்லுங்க. முகத்த மூட வேணாம் எண்டு சொல்லுங்க. கேக்குதா?"

"கேக்குது."

"சாச்சா ஏதும் சொல்றாரா? குடுங்க அவர்ட்ட, நான் கதைக்கிறன்."

"சாச்சா ஒண்டும் சொல்லல்ல."

"அப்ப?"

வேலிக்கு அப்பால் வாவி வெளுத்துக் கிடந்தது. தோணி ஒன்றும் இல்லை. அவள் மூடியிருந்த கையைப் பார்த்தாள். பஞ்சு அதில் இல்லை; எப்போது கழுவினாள் என்று நினைவில்லை.

"தம்பி."

"என்ன ராத்தா?"

"ஆறுதலா வா."

அவள் ரெலிபோனை வைக்கவில்லை. காதுக்குள் வேனின் இரைச்சல் மட்டும் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, மிகத் தூரத்தில் பேசுவதுபோல, அவன் சாரதியிடம் சிங்களத்தில் ஏதோ இரண்டு சொல் சொன்னான். இரைச்சல் ஒரு படி இறங்கியது. இன்னும் ஒரு படி இறங்கியது. பின்னால் வந்த லொறி ஒன்று நீளமாக ஹோன் அடித்துக்கொண்டே அவர்களை முந்திப் போனது.